சிரிக்கிற முகத்தில் வைத்த விரல்

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானது சிக்னல் போனதால் இல்லை. நான்தான் வைத்தேன். "ஞாயித்துக்கிழமை வாரேம்மா, மருந்த நானே கொண்டாரேன், அந்தப் பாலியேட்டிவ்காரங்கள வாசப்படி ஏற விடாதீங்க" என்று நீ சொன்னதும் என் கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. உனக்கும் எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் நிற்கும். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். முந்தாநாள்வரை தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவள் இன்று பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நம் எஸ்டேட் லயத்து ஜீப் டிரைவர் மைக்கேல் நாளைக்குக் கம்பத்துக்கு ஆள் இறக்கப் போகிறான். அவனிடம் கொடுத்து உன் கிளினிக்கிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். குமுளி பஸ் ஏறுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு. பாதி படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைக்காதே. அது உன் அப்பா பழக்கம்.

அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் போன நாளிலிருந்து நீயும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லறைக்குப் போகிறோம், பூ வைக்கிறோம், போதகர் ஜெபம் பண்ணுகிறார், திரும்பி வந்து டீ குடிக்கிறோம். நீ எதை நினைத்துக்கொண்டு அந்த டீயைக் குடிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். "அந்தப் பாலியேட்டிவ்காரங்க மொதல்லயே வந்து பாத்தாங்கல்ல, பாத்துட்டு ஒண்ணும் குடுக்காமப் போனாங்கல்ல" என்பது உன் மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அந்த ஆணியை நீ பிடுங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ செய்யப் போகிற காரியம் உன்னையும் தின்றுவிடும், என்னையும் வதைத்துவிடும்.

உனக்குக் காலேஜில் இடம் கிடைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த உன் அப்பா, புகையும் வேர்வையுமாக ஓடி வந்தார். நீ தயங்கித் தயங்கித்தான் சொன்னாய். "அப்பா, இது சித்த மருத்துவம்ப்பா. எம்.பி.பி.எஸ். இல்ல." அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்துல கொழாய் மாட்டுவியாலே, மாட்ட மாட்டியா?" என்று கேட்டார். "மாட்டலாம்ப்பா" என்றாய். "நோயாளி ஒன்ன என்னன்னு கூப்பிடுவான்?" "டாக்டருன்னுதான்." "அப்பொறம் என்னலே, டாக்டருதான்!" என்று உன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அன்று சாயங்காலமே லயம் முழுவதும் ஜிலேபி போனது. ஞாயிறு ஆராதனையில் போதகர் வாயாலேயே அறிவிக்க வைத்தார். நம் சபையிலிருந்து முதல் டாக்டர். சித்த என்கிற வார்த்தையை அந்த அறிவிப்பில் யார் விட்டார்கள், போதகரா உன் அப்பாவா, எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. மலை மேல் இருக்கிற எங்களுக்கு டாக்டர் என்றால் டாக்டர்தான். அதில் என்னென்ன சாதி இருக்கிறது, யார் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

உன் படிப்பை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. ஏலக்காட்டு ஈரத்தில் வருஷக்கணக்காகக் குனிந்து காய் பறித்து முடங்கிப்போன என் முழங்காலை நிமிர்த்தியது நீ காய்ச்சிய எண்ணெய்தான். மஞ்சள் காமாலையோடு வந்த சக்குபள்ளத்துப் பையனை நீ பார்த்த விதத்தையும், ஒரு கட்டத்தில் "இனி எங்கிட்ட வச்சுக்கக் கூடாது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அவன் தாயை நீயே ஜீப் ஏற்றிவிட்டதையும் பார்த்தவள் நான். அன்று எனக்கு உன்மேல் வந்த மரியாதை, பட்டம் வாங்கின நாளில்கூட வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கோ சொல்ல முடிந்த அந்த வார்த்தையை உன் அப்பாவுக்குச் சொல்ல முடியவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவருக்குக் கன்னத்துக்குள் புண் வந்தது, வெற்றிலையும் புகையிலையும் அடக்கியே ஆயுசைக் கழித்த வாய். பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், திரும்ப வந்தது. "இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது நம் லயத்து ரோஸ்மேரி, ஆஷா என்கிற சுகாதார வேலை பார்க்கிறவள், பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் இருக்கிறது, வலிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்று பெயர் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஜீப்பில் அந்த மலையாளத்து நர்ஸ் சிஸ்டர் வந்தாள். நீ கம்பத்தில் இருந்தாய். அன்று என்ன நடந்தது என்று உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. ரோஸ்மேரிக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

சிஸ்டர் புண்ணைக் கழுவினாள். புழுவை எடுத்தாள். முகத்தைத் திருப்பாமல், மூக்கைப் பொத்தாமல் எடுத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, அடுத்தடுத்து வாய் கோணிக்கொண்டே போய், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழுகிறது. ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற படம் மாதிரி இருந்தது. "அப்பச்சா, வேதனை எத்தற உண்டு? இதில ஏது முகம்? தொட்டுக் காணிச்சா மதி" என்றாள், தொட்டுக் காட்டினால் போதுமாம். உன் அப்பாவால் அப்போதே சரியாகப் பேச முடியாது. தாடையைச் சுற்றித் துணி, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலியில் கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன. அந்த மனுஷன் கையைத் தூக்கி, சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தார்.

சிஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "இதோ? சிரிக்குன்னதோ?" என்று இரண்டாம் முறை கேட்டாள். விரல் அங்கேயே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மச்சி, சத்தியமாணோ?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அந்த ஒற்றைக் கண்ணால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சிஸ்டர் பெருமூச்சு விட்டு, "வேதனை கூடியா ஒடனே விளிக்கணும், கேட்டோ? ரோஸ்மேரியோட சொன்னா மதி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளாக ஒன்றும் எழுதிக் கொடுக்க முடியாது தம்பி. பார்த்ததை, கேட்டதைப் போய்ச் சொன்னால்தான் டாக்டர் எழுதுவார். இவர் சிரிக்கிற முகத்தைத் தொட்டார் என்றுதான் அவளால் சொல்ல முடிந்திருக்கும்.

ஜீப் சத்தம் வளைவு தாண்டியதும் நான் அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். வாய்க்குள் குதப்பிக் குதப்பி, துணியெல்லாம் எச்சில் ரத்தம் வழிய, அவர் சொன்னது இது. "கிறுக்கச்சி, எம் மவன் டாக்டருடி. வீட்டுல டாக்டர வச்சுக்கிட்டு கவுருமெண்டு டாக்டருகிட்டச் சீட்டு வாங்கித் தின்னா, லயத்துல என்ன பேசுவாக? ஏன், ஒம் மவனுக்கு எழுதத் தெரியாதான்னு கேப்பாகளா மாட்டாகளா?" அவ்வளவுதான். உனக்குப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, உயிரைப் பிடுங்குகிற வலியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். அவர்கள் ஒன்றும் கொடுக்காமல் போகவில்லை. உன் அப்பா வாங்காமல் அனுப்பினார்.

இதைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே அதற்காகத்தான். இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் மருந்தோடு வரப்போகிறாய் என்று தெரிந்திருக்காவிட்டால்.

அந்த வாரக் கடைசியில் நீ வந்தாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பெருசா ஏதாவது எழுதுப்பா" என்று கேட்டார். நீ அவர் தலையைத் தடவி, "பாத்துக்கலாம்ப்பா" என்றாய். குழாயடியில் நின்று நானும் கேட்டேன், மார்ஃபின் என்று ஏதோ இருக்கிறதாமே, ரோஸ்மேரி சொல்கிறாளே, அதை எழுதேன் என்று. "பாத்துக்கலாம்மா" என்று என்னிடமும் சொன்னாய். உனக்குத் தெரியும். அதை எழுத உனக்கு உரிமை இல்லை என்பது படிக்கும்போதே உனக்குத் தெரியும். இங்கிலீஷ் மருந்தில் சிலதைக் கீழே தமிழ்நாட்டில் நீங்கள் எழுதலாம் என்று ஒரு நாள் சொல்வாய், அதிலும் வழக்கு இருக்கிறது என்று இன்னொரு நாள் சொல்வாய், அது எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் பூட்டி வைத்துக் கொடுக்கிற இந்த மருந்தில் உனக்குச் சந்தேகமே இருந்திருக்காது. "அப்பா, இத நான் எழுதக் கூடாது, எழுதக்கூடிய டாக்டர வரச் சொல்லுதேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் சிரிக்கிற முகத்திலிருந்து விரலை எடுத்திருப்பார். நீ சொன்னால் கேட்டிருப்பார், வேறு யார் சொல்லியும் கேட்க மாட்டார். பாத்துக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பெற்ற தாய் இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது என்றால் இருக்கிறது. அவருக்கு மகன் பெயர் கெடக் கூடாது, உனக்கு அப்பாவின் பெருமை உடையக் கூடாது. நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள், நடுவில் வலி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நீ செய்தது ஊருக்கே தெரியும். தாங்க முடியாமல் போனபோது, உன் பெயர் அச்சடித்த தாளில் நீயே எழுதி, கம்பத்தில் தெரிந்த மெடிக்கல் ஷாப்காரனிடம் ஊசி மருந்தும் மாத்திரையும் வாங்கி, பைக்குள் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாய். குமுளி செக்போஸ்டில் எக்ஸைஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு பையாகப் பார்த்தார்கள். கஞ்சாவுக்குத்தான் பார்த்திருப்பார்கள், கிடைத்தது இது. சீட்டைக் கேட்டார்கள், காட்டினாய். ஆர் எழுதியது என்று கேட்டார்கள். நான்தான், நான் டாக்டர் என்றாய். அந்த ஆபீசர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏது டாக்டர்?" என்று கேட்டாராம். நீயே என்னிடம் சொன்னது. காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. நாங்கள் ஜிலேபி தின்ற அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்த ஆபீசரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பையைத் திறந்தார், அதில் என்ன இருந்ததோ அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மலைக்கு மேல் ஒரு லயத்தில் யார் துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நீ அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் இங்கே நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாதி மட்டும் சொன்னால் மீதியை நீயே கற்பனை பண்ணிக்கொள்வாய். அவரால் கத்த முடியாது, வாய் இல்லை. துண்டைக் கடித்தார். கடிக்கிற பக்கமும் வலித்ததால் அதைத் துப்பிவிட்டுத் தலையைச் சுவரில் முட்டினார். நான் சுவருக்கும் தலைக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டேன். இடையிடையே அவர் குழறிக் கேட்டது ஒன்றுதான். "டாக்டரு வந்தாச்சா?" நான் ஒவ்வொரு தடவையும், "வந்துக்கிட்டே இருக்கான், குமுளி தாண்டிட்டான்" என்றேன். ரோஸ்மேரி பார்க்கப் பொறுக்காமல் அவளாகவே பாலியேட்டிவுக்குப் போன் போட்டாள். மழையில் ரோட்டில் மண் விழுந்து கிடந்ததால் ஜீப் சுற்றி வர வேண்டியிருந்தது. பாலியேட்டிவ் டாக்டரம்மா வாசலில் வந்து நின்றபோது நான் அவர் தாடைத் துணியை அவிழ்த்துப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தேன், அடக்கத்துக்கு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் காலடியில் நின்றாள். "ஒரு வார்த்த சொன்னா மதியாயிருந்நு, அம்மே. எழுதித் தந்திருப்பேன்" என்றாள். எழுதுகிற தாள் அவள் பையில்தான் இருந்தது.

அவள் திரும்பிப் போகும்போதுதான் உன்னை ஜாமீனில் எடுத்து மைக்கேல் கூட்டி வந்தான். வளைவில் அவள் ஜீப்பை நிறுத்தி நீ வாய்க்கு வந்தபடி பேசினாய். அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அப்பச்சன் சிரிக்கிற முகத்தைத் தொட்டார், சிஸ்டரின் குறிப்பில் இருக்கிறது என்று அவள் சொல்லியிருக்கலாம். பிணம் உள்ளே கிடக்கிற வீட்டு மகனிடம் அதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அன்று நீ அந்தச் செய்தியைத் தாங்கியிருக்க மாட்டாய்.

இனி என் கதைக்கு வருகிறேன். மார்பில் அறுத்து எடுத்தது போய், இப்போது இடுப்பு எலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு வலி என்பது உனக்குத் தெரியாது. போனில் நீ கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் இருக்கு, பரவாயில்ல" என்று நானும் உன் அப்பாவைப் போலத்தான் சொல்லி வந்தேன். ஒரு நாள் கக்கூஸ் போய்விட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் தலை தானாகச் சுவரில் ஒரு முறை முட்டியது. அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அன்றைக்கே ரோஸ்மேரியைக் கூப்பிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பாத்துக்கலாம் என்பாய்.

அதே சிஸ்டர்தான் வந்தாள். அட்டையை நீட்டினாள். நான் விரலை வைக்கவில்லை, உள்ளங்கையையே கடைசி முகத்தின்மேல் வைத்து மூடினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அவளை உட்கார வைத்து நான் ஒரு விசாரணை நடத்தினேன், கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். "மார்ஃபின நீயே எழுதேன் சிஸ்டர், எத்தன பேருக்குப் பாத்திருக்கே" என்றேன். "எனக்கு எழுதாம் பாடில்ல அம்மச்சி. ஞான் நோக்கும், சொல்லும். டாக்டர் எழுதும்." அவள் எழுதக் கூடாதாம். மெடிக்கல் ஷாப்காரர்? "சீட்டு இல்லாத அவருக்குத் தராம் பாடில்ல. எழுதவும் பாடில்ல." ஹோமியோ டாக்டர்? தலையை ஆட்டினாள். பல் டாக்டர்? "பல்லுக்கு உள்ளது மட்டும்." நான் விடவில்லை. மாட்டு டாக்டர்? அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "பசுவினு வேணும்னா எழுதட்டே, அம்மச்சிக்குப் பற்றில்ல" என்றாள். கடைசியில்தான் கேட்டேன், மெதுவாக. "சித்த டாக்டரு?" அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

டாக்டரம்மா வந்தபோது அதையே மறுபடியும் கேட்டேன். அலோபதி படித்துப் பதிவு செய்த டாக்டராக இருக்க வேண்டும், இந்த மருந்தைக் கொடுக்கத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், மருந்தும் அனுமதி உள்ள ஆஸ்பத்திரியிலிருந்துதான் வர வேண்டும், கண்ட கண்ட கடையில் கிடைக்காது என்று பொறுமையாகச் சொன்னாள். அலோபதி டாக்டரிலேயே எல்லோரும் இதை எழுதத் துணிவதில்லை என்றாள். "எம் பையன் எழுதிட்டான்மா, அதான் கேஸ்" என்றேன். அவள் உன்னைப் பற்றி ஏதாவது இளக்காரமாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன், சொன்னால் திருப்பிக் கொடுக்க வார்த்தையும் வைத்திருந்தேன். அவள் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நல்லா மடங்குன்னு. ஆரு நோக்கியது?" என்று கேட்டாள். எம் மவன்தான் என்றேன். "எனக்கு இது அறியில்ல அம்மே" என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள் தம்பி. தனக்குத் தெரியாது என்று சொல்லும்போது அவள் முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை. நீ அந்த ஒன்றை அவளிடம் கற்றுக்கொண்டால் போதும். பிறகு எழுதினாள். ரோஸ்மேரி போய் மருந்து வாங்கி வந்தாள்.

நேற்று மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு முதல் மாத்திரையைப் போட்டேன். சின்னது. நம் ஏலக்காயை உரித்தால் உள்ளே இருக்கிற விதையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். படுத்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது கோடப் பனி மூடி ஜன்னல் வெளுத்திருந்தது, வேலை முடிந்து ஆட்களை இறக்குகிற ஜீப் சத்தம் கேட்டது. வீட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. ரொம்ப நாள் தங்கிவிட்ட விருந்தாளி சொல்லாமல் கிளம்பிப் போனது மாதிரி. எழுந்து உட்கார்ந்தேன், காலைத் தொங்கப் போட்டேன், அப்போதுதான் புரிந்தது, வலி இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அலறல். ரோஸ்மேரி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இவ்வளவுதானா தம்பி? இந்தச் சின்ன மாத்திரைதானா? ஒரு சீட்டு, ஒரு மாத்திரை, ஒரு வாய் கஞ்சித் தண்ணீர். இதற்கா அந்த மனுஷன் சுவரில் முட்டினார்? இதற்கா நீ செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்?

இன்று காலை, மாத்திரை எப்படிக் கேட்கிறது என்று பார்க்க சிஸ்டர் வந்து அட்டையை நீட்டினாள். நான் யோசிக்காமல் அழுகிற முகத்தைத் தொட்டேன். அவள் பயந்துபோய், மருந்து போதவில்லை என்று டாக்டருக்கு அடிக்கப் போனை எடுத்துவிட்டாள். வலி இல்லை சிஸ்டர், வலி இல்லை என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். "பின்னே எந்தினா அம்மச்சி?", பிறகு எதற்கு அந்த முகம் என்று கேட்டாள். எனக்கு மலையாளத்திலும் சொல்லத் தெரியவில்லை, தமிழிலும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ எதையும் வாங்கி வர வேண்டாம். கேஸ் நடக்கும்போது இன்னொரு முறை பிடிபட்டால் உன் பதிவே போய்விடும் என்று வக்கீல் சொன்னதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. நீ ஜெயிலில், நான் கட்டிலில், அப்படி ஒரு சாவு எனக்கு வேண்டாம். என்னைப் பார்க்க ஆள் இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறது. முழங்காலுக்குக் காய்ச்சுகிற எண்ணெய் இருந்தால் ஒரு குப்பி கொண்டு வா. செக்போஸ்டில் கேட்டால் மூடியைத் திறந்து முகரக் கொடு. ஏது டாக்டர் என்று கேட்டால் சித்த டாக்டர் என்று சத்தமாகச் சொல், பஸ் முழுக்கக் கேட்கட்டும். வந்து என் காலைப் பிடித்துவிடு, அதற்கு யாருடைய சீட்டும் வேண்டாம். உன் கிளினிக்கில் வலியோடு வருகிறவர்களிடமும் இனிமேல் பாத்துக்கலாம் என்று சொல்லாதே. உன்னால் ஆனதைச் செய், ஆகாததை ஆகாது என்று சொல்லி, ஆகிறவரிடம் அனுப்பு.

திங்கட்கிழமையும் லீவு போட்டுவிட்டு இரு. அன்றைக்கு சிஸ்டர் வருகிறாள், டாக்டரம்மாவும் வரலாம். வளைவில் பேசிய பேச்சுக்கு அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரியும். நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள். சிஸ்டர் அட்டையை நீட்டுவாள். எனக்கு எந்த முகமோ அந்த முகத்தில்தான் விரலை வைப்பேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, லயமே எட்டிப் பார்த்தாலும் சரி. உனக்காக நான் சிரிக்கிற முகத்தைத் தொட மாட்டேன்.

அம்மா